நாளைக்கு இரண்டு

அந்த மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் திருத்தக்காரி. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அதையும் அவள் கழுத்தில் திருப்பித்தான் மாட்டிக்கொள்வாள், ஏனென்றால் அதில் பதவியின் பெயரை ஒற்று விட்டு அச்சடித்திருந்தார்கள். மூன்று முறை எழுதிக் கொடுத்தும் மாற்றித் தரவில்லை.

ஒன்பது மொழிக்காரர்கள் வந்துபோகிற பெரிய மருத்துவமனை அது. மருந்து டப்பாவில் ஒட்டுகிற சீட்டில் அவரவர் மொழியில் இரண்டு வரி இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மருந்தகத்துக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஒன்பது மேசை போட்ட மொழி அறை. ஜன்னலோரம் இருந்த தமிழ் மேசையில் அவள் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியம் கொண்ட ஒரு பட்டியல் அவளிடம் இருந்தது. ‘தினமும் இரண்டு மாத்திரை, உணவுக்குப் பின்’ என்பதிலிருந்து ‘கண்ணில் விட்டபின் ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கவும்’ வரை எல்லாம் அவள் எழுதியது. டாக்டர்கள் புதிதாக எதையாவது எழுதினால் கீழேயிருந்து போன் வரும். அவள் யோசித்து, எழுதி, வாய்விட்டுப் படித்துப் பார்த்து, பிறகுதான் அனுப்புவாள். ‘மாத்திரையைக் கடிக்காமல்’ என்பதில் ‘க்’ விழுந்துவிட்டது என்று நாற்பது டப்பாவைத் திரும்ப வரவழைத்தவள். கேண்டீன் பலகை, லிஃப்ட் அறிவிப்பு, யாரோ எழுதிய விடுமுறைக் கடிதம் என்று எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. அவள் வருகிறாள் என்றால் சிலர் எழுதிக்கொண்டிருக்கும் தாளைக் கவிழ்த்து வைப்பார்கள்.

தனக்குக் கோபம் உண்டு, பொறாமை கிடையாது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயதுவரை அப்படி நம்ப முடிந்ததற்குக் காரணம், பொறாமைப்படும்படி யாரும் பக்கத்தில் வந்து உட்காரவில்லை என்பதுதான்.

வந்து உட்கார்ந்தவள் அவளுடைய ஓரகத்தி. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அதே வீட்டுக்கு வந்து, மாடியில் குடியிருப்பவள். சமையலறை இரண்டு குடும்பத்துக்கும் ஒன்றுதான். வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் சொல்வார்கள். இருபத்தெட்டு வயது. வேறு மொழிப் பள்ளியில் படித்தவள். தமிழ் சரளமாகப் பேசுவாள், ஆனால் படிக்கச் சொன்னால் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பாள். கம்ப்யூட்டரில் நிரல் எழுதுவது அவள் தொழில். மருத்துவமனை அப்படி ஓர் ஆளைத் தேடியபோது, தலைமை மருந்தாளரின் அறைக்குப் போய், “என் ஓரகத்தி ஒருத்தி இருக்கா சார், கெட்டிக்காரி” என்று சொன்னவளே திருத்தக்காரிதான். அதை நினைக்கும்போதெல்லாம் பின்னால் அவளுக்குத் தன் நாக்கைத் தானே கடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

சின்னவள் கொண்டுவந்தது இலக்கண லைப்ரரி என்ற ஒன்று. சாப்பாட்டு மேசையில் முதல்தடவை அந்தச் சொல்லைக் கேட்டதும் திருத்தக்காரியின் கணவர், “லைப்ரரின்னா நல்லதாப் போச்சு, எனக்கு ரெண்டு துப்பறியும் கதை எடுத்துட்டு வாம்மா” என்றார். சின்னவள் சிரித்துவிட்டு விளக்கினாள். அது புத்தகம் வைக்கிற இடம் இல்லை, மாமா. பல ஊர்களில் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி வைத்த நிரல்களின் கிடங்கு. முப்பது நாற்பது மொழிகளின் இலக்கணம் அதில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தை எந்த மொழியிலும் எழுதாமல், வெறும் எலும்புக்கூடாக ஒரே ஒரு முறை எழுதினால் போதும். யார், எதை, எத்தனை, எப்போது, அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு மொழிப் பகுதியும் அதற்குத் தன் தன் சட்டையை மாட்டிவிடும். எந்தச் சொல் முன்னால் வரும், எந்த விகுதி பின்னால் ஒட்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

“அப்போ பெரியவளுக்கு வேலை?” என்று கேட்டார் கணவர். கேட்டுவிட்டு, தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

“அக்கா இல்லாம ஒண்ணுமே நடக்காது மாமா,” என்றாள் சின்னவள்.

அது உபசார வார்த்தை இல்லை. லைப்ரரியில் தமிழ்ப் பகுதி பாதிதான் எழுதப்பட்டிருந்தது. மீதியைச் சின்னவள்தான் எழுத வேண்டும், எழுதுவதற்கு அவளிடம் தமிழ் இல்லை. ஆகையால் நான்கு மாதம் சமையலறையில் பாடம் நடந்தது. பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, காய் நறுக்கும்போது சின்னவள் கேட்பாள். ‘மருந்து’ ‘மருந்தை’ ஆகிறது, ‘பழம்’ மட்டும் ஏன்க்கா ‘பழத்தை’ ஆகணும்? ‘டாக்டர் வந்தார்’, ‘நர்ஸ் வந்தாங்க’, ‘குழந்தை வந்தது’. குழந்தை என்ன பாவம் பண்ணிச்சு? ஒருநாள், ‘ஒரு நாளுக்கு இரண்டு’ என்று வருகிறதே, சரியா என்று கேட்டாள். “நாளுக்குன்னா காதுல இடிக்குது. ஒரு நாளைக்குன்னுதான் சொல்லுவோம்” என்றாள் திருத்தக்காரி, கையில் சோப்பு நுரையோடு. சின்னவள் ஓடிப்போய் அதை எழுதிவைத்தாள்.

அந்த நான்கு மாதமும் திருத்தக்காரிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன்னிடம் இவ்வளவு இருக்கிறது என்பதே யாரோ கேட்டபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

வயிறு எரியத் தொடங்கியது செய்து காட்டிய அன்றைக்கு. மொழி அறையில் ஒன்பது பேரும், தலைமை மருந்தாளரும், வேறு இரண்டு அதிகாரிகளும் நின்றார்கள். சின்னவள் திரையில் ‘இரண்டு’ இருந்த இடத்தில் ‘மூன்று’ என்று தட்டினாள். ஒன்பது மொழியிலும் வாக்கியம் மாறியது. ‘மாத்திரை’யை ‘மூடி மருந்து’ ஆக்கினாள். ஒன்பதும் மாறியது. ‘சாப்பிடவும்’ என்பதைச் ‘சாப்பிடக் கூடாது’ ஆக்கினாள். திருத்தக்காரி ஒரு வாரம் உட்கார்ந்து எழுதுவதைக் கண்மூடித் திறப்பதற்குள் அது எழுதியது. ‘கடிக்காமல்’ என்பதற்கு முன்னால் ‘க்’ கூட விழாமல் வந்திருந்தது. அந்தக் ‘க்’ தன் வாயிலிருந்து போனது என்பது அவளுக்குத் தெரியும், திரைக்குத் தெரியாது. எல்லோரும் கைதட்டினார்கள். தலைமை மருந்தாளர் தன் நாற்காலியை இழுத்து, “நீ உக்காரும்மா, காலையிலேர்ந்து நிக்கிறே” என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் தனக்காக ஒரு நாற்காலியையும் இழுத்ததில்லை என்று திருத்தக்காரி அப்போது கணக்கெடுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு எல்லாமே கண்ணை உறுத்தியது. சின்னவள் செருப்பைக் கழற்றிவிடுகிற விதம், போனில் சிரிக்கிற சத்தம், ‘அக்கா’ என்று இழுத்துக் கூப்பிடுவது. மற்ற மொழிக்காரர்கள் எல்லாம் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் போனார்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ தமிழ்ப் பகுதியைப் பாராட்டிக் கடிதம் எழுதியிருந்தார். கொழுந்தன் அதை அச்செடுத்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினான். தண்ணீர் எடுக்கப்போகும் ஒவ்வொரு தடவையும் அதைப் படிக்க வேண்டியிருந்தது. அதில் பிழை எதுவும் இல்லை என்பது இன்னொரு கடுப்பு.

பிழை ‘ஒரு’வில் கிடைத்தது. சோதனைக்காக எடுத்த முதல் நூறு வாக்கியத்தைக் கூட்டத்தில் வைத்தபோது, திருத்தக்காரி எழுந்து நின்று வாய்விட்டுப் படித்தாள். “ஒரு உணவுக்குப் பின் சாப்பிடவும். ஒரு காய்ச்சல் வந்தால் ஒரு மருத்துவரைப் பார்க்கவும்.” படித்துவிட்டு எல்லோரையும் பார்த்தாள். “காய்ச்சலையே ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுது. இது மருந்துச் சீட்டா, சந்தையில மாங்கா எண்ணறாங்களா?” அறை சிரித்தது. தமிழ் தெரியாதவர்கள்கூடச் சிரிப்பவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சின்னவளின் காது சிவந்துபோனது. “மாத்திடறேன்க்கா” என்று மட்டும் சொன்னாள்.

மாற்றுவது அவளுக்குச் சுலபம். மற்ற மொழிகளில் பெயருக்கு முன்னால் சின்னச் சொல் ஒன்று வருகிற இடத்திலெல்லாம் தமிழில் ‘ஒரு’ வரும்படி எழுதியிருந்தாள். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டாள். எண்ணிக்கைக்கான ஒன்று தனியாக இருந்ததால் ‘ஒரு மாத்திரை’ தப்பியது. காய்ச்சலும் மருத்துவரும் சுத்தமானார்கள். வாக்கியங்கள் எல்லாம் தலைக்குக் குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தன.

கடைசியாக நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியத்தையும் அச்செடுத்துத் திருத்தக்காரியின் மேசையில் வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் போட்டு, அடியில் கையெழுத்துப் போட வேண்டும். தமிழ் மேசையில் அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது. தலைமை மருந்தாளர் வீட்டில் தமிழ் பேசுவார், படிக்க வராது. கவுண்டரில் இருப்பவருக்குத் தமிழே தெரியாது. சின்னவள் எழுத்துக் கூட்டுவதற்குள் பொழுது போய்விடும். அவள் சரி என்றால் சரி.

நூற்று முப்பத்தேழாவது வாக்கியத்தில் அவள் நின்றாள்.

‘நாளைக்கு இரண்டு மாத்திரை சாப்பிடவும்.’

ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. காய்ச்சலுக்கு முன்னால் இருந்த ‘ஒரு’வும், ‘நாளைக்கு’ என்பதன் முன்னால் இருந்த ‘ஒரு’வும் சின்னவளுக்கு ஒரே இடத்திலிருந்து வந்திருக்கின்றன. அதை எடுத்தபோது இதுவும் சேர்ந்து போய்விட்டது. ஒரு நாளைக்கு இரண்டு, இப்போது நாளைக்கு இரண்டு. தினமும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மறுநாள் என்கிறது.

பேனாவை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். வீட்டில் பேசும்போது ‘நாளைக்கு நாலு தடவை காப்பி குடிக்கிறார்’ என்று சொல்வதில்லையா? யாராவது அதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறார்களா? இது பிழை என்றுகூடச் சொல்ல முடியாது. இப்படித் தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டாள். ஆனால் அவள் மனம் உண்மையில் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. முதல் நாளே கவுண்டரில் யாரோ ஒருவர் சீட்டைப் பார்த்துச் சிரிப்பார். சிரிப்பு மாடிவரை வரும். எல்லோர் முன்னாலும் சின்னவளின் காது மறுபடி சிவக்கும். அவ்வளவு போதும். அதற்குமேல் அவள் எதுவும் ஆசைப்படவில்லை.

டிக் போட்டாள். நூற்று முப்பத்தெட்டுக்குப் போனாள். அதில் ஒற்று ஒன்று குறைந்திருந்ததைச் சிவப்பு மையில் சரிசெய்தாள். கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் கவுண்டரில் மட்டும் புதிய சீட்டுகளைத் தொடங்கினார்கள். முதல் நாள் யாரும் சிரிக்கவில்லை. இரண்டாம் நாள் காலை அவளால் மாடியில் இருக்க முடியவில்லை. கீழே போய், கவுண்டருக்குப் பக்கத்தில் ஏதோ கோப்பைத் தேடுவதுபோல் நின்றாள்.

பஸ் டிரைவர் சட்டை போட்ட ஒருவர் ரத்த அழுத்த மாத்திரை வாங்கினார். சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். கவுண்டர்காரரிடம் ஏதோ கேட்க, அவர் கையை விரித்தார். டிரைவர் இவள் பக்கம் திரும்பினார்.

“தமிழ் தெரியுமாம்மா உங்களுக்கு? நாளைக்கு ரெண்டு மாத்திரைன்னு போட்டிருக்கு. சரி, போட்டுக்கறேன். டப்பாவுல அறுபது இருக்கே, மீதி அம்பத்தெட்டு யாருக்கு?”

அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார். இன்றைக்கு வேண்டாமா, நாளை மறுநாள் வேண்டாமா என்று அடுத்ததும் கேட்டார்.  சிரிக்கிற ஆளைத்தான் திருத்தக்காரி நினைத்துப் பார்த்திருந்தாள், நம்புகிற ஆளை நினைக்கவே இல்லை. அச்சடித்துக் கொடுத்ததை ஜனங்கள் நம்புவார்கள் என்பது பத்தொன்பது வருடம் அச்சடித்துக் கொடுத்தவளுக்குத் தோன்றவில்லை.

“தினமும் ரெண்டு. இன்னிக்கும் ரெண்டு,” என்றாள். தன் பேனாவால் சீட்டில் ‘தினமும்’ என்று எழுதிக் கொடுத்தாள். பிறகு மாடிக்கு ஓடி, சீட்டில் பிழை என்று தலைமை மருந்தாளரிடம் சொன்னாள்.

நேற்று காலையிலிருந்து அந்த வரியோடு நாற்பத்து மூன்று டப்பா போயிருந்தது. நேற்று வாங்கியவர்கள் நேற்று ஒன்றும் போட்டிருக்க மாட்டார்கள். இன்று இரண்டு போடுவார்கள், நாளையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். தலைமை மருந்தாளர் பட்டியலை அவள் முன்னால் வைத்து, போனைத் தள்ளினார். யார் தப்பு என்று யாரும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை. சின்னவள் தன் மேசையில் முகம் வெளுத்து உட்கார்ந்து, எந்த வரி என்று தேடிக்கொண்டிருந்தாள்.

மதியம் தாண்டும்வரை திருத்தக்காரி பேசினாள். இன்றைக்கும் இரண்டு, நாளைக்கும் இரண்டு, தினமும் இரண்டு என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு பெண், “அப்போ தினமும்னு எழுத வேண்டியதுதானே, நாலு எழுத்து” என்றாள். தையல் கடைக்காரர் ஒருவர், மீதியை அடுத்த தடவை வரும்போது திருப்பித் தரலாம் என்று தனியாக எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். இன்னொரு கிழவி சாவகாசமாகப் பேசினாள். “நான் நேத்தே போட்டுட்டேன் கண்ணு. எழுதினது தமிழ் தெரியாத யாரோன்னு பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. நீ ஏன் அதுக்காக அழறே?” அப்போதுதான் தன் குரல் அப்படி இருக்கிறது என்று திருத்தக்காரிக்குத் தெரிந்தது.

முப்பத்தோராவது எண்ணில் மகள் எடுத்தாள். அப்பா நேற்று மாத்திரை போடவில்லை, காலையிலிருந்து தலை சுற்றுகிறது என்று படுத்திருக்கிறார் என்றாள். தலைமை மருந்தாளர் உடனே வண்டி அனுப்பினார். அவரை அழைத்துவந்து, அழுத்தம் இறங்கும்வரை படுக்கவைத்து, நான்கு மணிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது அவர் நடந்துதான் போனார். திருத்தக்காரி மாடிப்படியிலிருந்து அவர் முதுகைப் பார்த்தாள். எதிரே போக முடியவில்லை.

பிறகு தலைமை மருந்தாளரின் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். அவர் களைத்திருந்தார், ஆனால் கடிந்து பேசவில்லை. சின்னவள், முழுத் தப்பும் தன்னுடையது, ‘ஒரு’வை எடுத்தபோது ‘நாள்’ என்ற சொல்லை யோசிக்கவில்லை என்றாள். அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடலாம், ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாச் சீட்டிலும் மாறிவிடும் என்றும் சொன்னாள். அவர் தலையாட்டினார். அதுதான் இதில் இருக்கிற நன்மை என்றார். தப்பிலும் இவளுக்கு ஒரு பாராட்டா என்று திருத்தக்காரியின் உள்ளே ஏதோ முனகியது. அந்த நேரத்திலும் முனகியது.

அவர் கையெழுத்துத் தாளை எடுத்தார். நூற்று முப்பத்தேழின் டிக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தபோது அவர் குரல் இன்னும் இளகியது.

“நானூறு வாக்கியம்மா. ஒண்ணு கண்ணுக்குத் தப்பறது சகஜம்தான். உங்களுக்கும் வயசாகுதுல்ல. அடுத்த தடவை ரெண்டு பேரா பாக்க ஏற்பாடு பண்ணலாம்.”

தப்பித்துவிட்டாள். தலையைக் குனிந்து ‘ஆமா சார்’ என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சின்னவளும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரிதாபமாகப் பார்த்தாள். கண் மங்கிப்போன ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. அந்தப் பிழையைத் திருத்தக்காரி பார்க்காமல் தாண்டியிருப்பாள் என்று இந்தப் பெண் நம்பிவிட்டாள். இனி வாழ்நாள் முழுக்கச் சமையலறையில் அந்த நம்பிக்கையோடு ‘அக்கா’ என்று கூப்பிடுவாள்.

“கண்ணுக்குத் தப்பல சார்,” என்றாள் திருத்தக்காரி.

அவர் புரியாமல் பார்த்தார்.

“பாத்தேன். பாத்ததும் புரிஞ்சுது, ஏன் அப்படி வருதுன்னும் புரிஞ்சுது. தெரிஞ்சேதான் டிக் போட்டேன்.”

தலை சுற்றிப் படுத்த மனிதரை நினைத்துச் சொன்னாளா, கண் மங்கிவிட்டது என்று சொன்னதைத் தாங்காமல் சொன்னாளா என்று பின்னால் அவள் பலமுறை யோசித்திருக்கிறாள். இரண்டும் இருந்தது. இரண்டாவது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வெட்கக்கேடுதான். ஆனால் வாய் திறந்தது அதனால்தான்.

தலைமை மருந்தாளர் தாளை மேசைமேல் வைத்தார். பிறகு, நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். மேலிடத்துக்குப் போகும், என்ன சொல்வார்கள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அதுவரை மருந்துச் சீட்டில் அவள் கையெழுத்துப் போடக் கூடாது. ‘அம்மா’ என்ற சொல்லை அவர் அப்போது விட்டுவிட்டார். அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். அதில் பிழை இல்லை.

வெளியே வராந்தாவில் சின்னவள் காத்திருந்தாள்.

“எதுக்கு?” என்றாள். ‘அக்கா’ இல்லை.

“உன்மேல பொறாமை.”

அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னதும், தன் கையால் எழுதி வாய்விட்டுப் படித்துப் பார்த்த வாக்கியம்போல் அது சரியாக நின்றது. மாற்ற ஒன்றும் இல்லை.

“அது தெரியும்,” என்றாள் சின்னவள். “மாங்கா எண்ணினப்பவே தெரியும். என்னைத் திட்டணும்னா வீட்ல திட்டியிருக்கலாம், தலையில தண்ணிய ஊத்தியிருக்கலாம். அந்த மனுஷன் என்ன பண்ணினாரு உங்களுக்கு?”

 சின்னவள் திரும்பி மொழி அறைக்குள் போனாள். மற்ற மேசைகள் காலியாகிவிட்டிருந்தன. ஜன்னலில் சாயங்கால வெயில். அவள் தட்டினாள், அச்சு இயந்திரம் நான்கைந்து தாளைத் தள்ளியது. எடுத்துவைத்துக்கொண்டு, விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி, உதட்டை அசைத்துப் படிக்க ஆரம்பித்தாள். காலையில் மூன்றாம் கவுண்டருக்குப் போக வேண்டிய தாள்கள். பார்த்துத் தர ஆள் கிடையாது.

திருத்தக்காரி பையை எடுக்கத் தன் மேசைக்குப் போனாள். போகிற வழியில்தான் அந்தத் தாள் இருந்தது. நடந்துகொண்டே, தலைகீழாக இருந்ததையே படித்துவிட்டாள்.

காலத்தைக் குறிக்கிற சொல்லுக்கெல்லாம் சின்னவள் ‘ஒரு’வைத் திரும்பக் கொடுத்திருந்தாள். ‘ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை’ சரியாக வந்திருந்தது. அதற்குக் கீழே, ‘ஒரு வாரத்துக்கு மூன்று முறை தடவவும்.’ அதற்கும் கீழே, ‘ஒரு மணிக்கு ஒரு மூடி மருந்து குடிக்கவும்.’

மணிக்கு ஒருமுறை குடிக்க வேண்டிய மருந்து. படிக்கிறவர் மதியம் ஒரு மணி அடிக்கும்வரை காத்திருந்து ஒரு மூடி குடிப்பார். வாரம் மூன்று முறை தடவ வேண்டியதை ஒரு வாரத்தோடு நிறுத்திவிடுவார்.

சின்னவளின் விரல் அந்த வரியைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. இது இனி திருத்தக்காரியின் வேலையும் இல்லை. கையெழுத்துப் போடாதே என்று சொல்லியாயிற்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனால், நாளைக்கு இதற்கு அவள் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். வயிற்றில் அந்த எரிச்சல் அப்படியே இருந்தது. கொஞ்சமும் அணையவில்லை. அவள் அதைத் தெளிவாக உணர்ந்தாள்.

“விரலை எடு,” என்றாள்.

சின்னவள் நிமிரவில்லை. விரலை மட்டும் எடுத்தாள்.

“‘நாளைக்கு’ முன்னால ‘ஒரு’ வேணும். ‘வாரத்துக்கு’ வேணாம், ஒரு வாரத்துக்குன்னா அந்த வாரத்தோட முடிஞ்சுதுன்னு அர்த்தம். மணிக்கு மட்டும் அந்த வழியே போகாத. ஒரு மணிக்குன்னா கடிகாரத்தைப் பாப்பாங்க. ‘ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை’ன்னு நேரத்தைச் சேத்துடு.”

“மூணுக்கும் மூணு விதமா?”

“மூணு விதம்தான்.”

“மாசத்துக்கு?”

“வாரம் மாதிரி.”

சின்னவள் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பினாள். நன்றி சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. திருத்தக்காரி பின்னால் நின்றபடி சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். நாள், வாரம், மணி, மாதம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி வரி விழுந்தது. அடுத்ததைத் திருத்தக்காரி வாயில் கூட்டி முடிப்பதற்குள் அவள் எழுதி முடித்திருந்தாள். அந்த வேகத்தைப் பார்க்கத் திருத்தக்காரிக்குப் பொறுக்கவே இல்லை.